ஏரிக்குள் ஓர் ஓடுபாதை

“பதிமூன்று கிராமத்துக்காக ஒரு மாநிலமே காத்துக் கிடக்க வேண்டுமா?” பரந்தூர் விமான நிலையம் என்று பேச்செடுத்தால் சென்னையில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். தொலைக்காட்சி விவாதத்தில் பொருளாதாரம் தெரிந்தவர் கேட்கிறார். அலுவலக கேன்டீனில் எதிர் நாற்காலிக்காரர் கேட்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத மத்திய அரசும் மாநில அரசும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் கேட்டன. கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கிறது.

அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கம் விமான நிலையம் 1,300 ஏக்கர் சொச்சத்தில், சுற்றிலும் வீடுகளும் ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் ஆறுமாக நெருக்குண்டு கிடக்கிறது. 2008இல் புது நிலையங்களைத் திறந்த பெங்களூரும் ஹைதராபாத்தும் சென்னையைத் தாண்டிப் போய்விட்டன. விமானம் வருகிற ஊருக்குத்தான் முதலீடு வரும், முதலீடு வருகிற ஊரில்தான் வேலை இருக்கும். ஆகவே 2022 ஆகஸ்டில் அறிவித்தபடி பரந்தூரில் ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் வேண்டும். ஆய்வு செய்த இடங்களில் பன்னூரைவிடப் பரந்தூரில் வீடுகள் குறைவு, அதனால்தான் இதைத் தேர்ந்தோம் என்கிறது அரசு. நிலத்துக்குப் பணம் உண்டு, வீட்டுக்கு மாற்று உண்டு. இவ்வளவுக்குப் பிறகும், எடுக்கப்படும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்தார் மறுத்தால் அது தன்னலம், இல்லையென்றால் யாரோ செய்த தூண்டுதல்.

ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்தால் நியாயமாகத்தான் படுகிறது. படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட இதை நம்புகிறார்கள். அதனால்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. எங்கே கட்டினாலும் எதிர்ப்பார்களாமே?

எதிர்ப்பார்கள்தான். ஆனால் இந்த வாதத்தின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். எல்லா எதிர்ப்பும் எதிர்பார்த்ததே என்று சொல்லிவிட்டால் எந்த எதிர்ப்பையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. நோயாளி எப்போதும் வலி என்றுதான் சொல்வான் என்று வைத்தியர் ஒருவர் முடிவு கட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி. எங்கே வலிக்கிறது என்பதல்லவா கேள்வி? பன்னூரில் எதிர்ப்பு வந்திருந்தால் அது வீடுகளைப் பற்றியதாக இருந்திருக்கும். பரந்தூரில் அது தண்ணீரைப் பற்றியது. வீடுகளை எண்ணி இடத்தைத் தேர்ந்தவர்கள் ஏரிகளை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? குடியிருப்பு குறைவாக இருப்பதற்குக் காரணமே அங்கே நீர் நிற்கிறது என்பதுதான். நம் ஊர்க்காரர்கள் ஏரி உள்வாயில் வீடு கட்டாத அளவுக்கு விவரம் உள்ளவர்களாக ஒரு காலத்தில் இருந்தார்கள்.

2. “தங்கள் நிலத்துக்காக மட்டும் கத்துகிறார்கள்” என்பவர்கள் நிலவரைபடத்தைப் பார்த்ததில்லை.

எடுக்கப்படும் ஊர்களின் பெயர்களை வரிசையாகப் படியுங்கள்: நெல்வாய், வளத்தூர், மேலேரி. தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்கள் லேசில் பொய் சொல்வதில்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சொன்னதும் அலங்காரத்துக்காக அல்ல. இந்தப் பக்கத்து ஆறுகள் வற்றாமல் ஓடுகிறவை இல்லை. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் வருஷத்தை ஓட்ட வேண்டும். அதற்காக ஓர் ஏரி நிறைந்து கலங்கல் வழியே வழிந்தால் அடுத்த ஏரி, அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ள தாங்கல் என்று மாலையாகக் கோத்து வைத்தார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்கு இங்கே தனித்தனிப் பெயர் இருப்பதே அந்தக் கோப்பினால்தான்.

அந்த மாலையின் கயிறு கம்பன் கால்வாய். பாலாற்று நீரை வாங்கிக்கொண்டு வழியிலுள்ள ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பியபடி ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் யாருக்கு? சென்னையில் குழாயைத் திருகுகிறவருக்கு. இந்தக் கால்வாயில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் விமான நிலைய எல்லைக்குள் விழுகிறது.

2023இல் வந்த அரசாணையின்படி எடுக்கப்படும் நிலம் 5,746 ஏக்கர். இதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், 1,972 ஏக்கர் அரசு நிலம். ‘அரசு நிலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நகரவாசிக்கு மனதில் என்ன வருகிறது? முள் மண்டிய காலி மனை. கிராமத்துக் கணக்கில் அரசு நிலம் என்றால் ஏரி, குளம், வரத்துக்கால், ஓடை, மேய்க்கால் புறம்போக்கு. பட்டா யார் பேரிலும் இல்லாததற்குக் காரணம் அது எல்லோருக்கும் வேண்டியதாக இருந்ததுதான். “மூன்றில் ஒரு பங்கு அரசு நிலம்தான், யாருக்கும் பாதிப்பில்லை” என்று ஒருவர் சொன்னால், “மூன்றில் ஒரு பங்கு பொதுச் சொத்து, அதைத்தான் முதலில் எடுக்கிறோம்” என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 5,746 ஏக்கர் என்றால் 23 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன்மேல் 30 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறத்தாழ 24.6 கோடி கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் பதினைந்தில் ஒரு பங்கு. முப்பது சென்டிமீட்டர் என்பது கற்பனை மழையில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியோடு ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். இன்றைக்கு அந்தத் தண்ணீரை வயல் குடிக்கிறது, ஏரி பிடிக்கிறது, மதகு அளந்து விடுகிறது. மண் இருக்கிற இடத்தில் கான்கிரீட்டும் தாரும் வந்தபின் அது நிற்காது. ஓடுபாதையை வடிவமைக்கிற பொறியாளர் முதலில் பார்ப்பதே நீர் தேங்காமல் எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளலாம் என்பதைத்தான். அது அவர் தொழில். வெளியே என்றால் எங்கே?

கீழே. ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம், அங்கிருந்து அடையாறு. 2015இல் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும் என்ன நடந்தது என்பதைக் கோட்டூர்புரத்திலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் கேட்டுக்கொள்ளலாம். அதே அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். அந்த வெள்ளத்தில் விமான நிலையத்தையே நாலைந்து நாள் மூட வேண்டி வந்தது. விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். ஆற்றுக்குக் குறுக்கே விமான நிலையத்தை நீட்டினால் என்ன ஆகும் என்பதைக் கற்றுக்கொள்ள நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. ஆனால் கற்றுக்கொண்டதெல்லாம், அடுத்ததை ஆற்றின் தலைமாட்டிலேயே கட்டலாம் என்பதுதான் போலிருக்கிறது. மேலே புது நிலையம் தள்ளிவிடுகிற வெள்ளம் கீழே பழைய நிலையத்தின் பாலத்துக்கடியில் வந்து முட்டும்.

இது வெள்ளக் கதை. வறட்சிக் கதை இன்னும் சுருக்கம்: 2019 கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது.

ஆக, யாருக்குத் தன்னலம்? ஏகனாபுரத்துக்காரர் தன் வயலைக் காக்கிறார், சரி. அந்த வயலும் ஏரியும் காப்பது கீழே இருக்கிறவர்களை. எழுபது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு “இன்னொரு விமான நிலையம் இருந்தால் வசதி” என்று கேட்பவரின் கோரிக்கை பொதுநலமாம், அவர் வீட்டுத் தரைத்தளத்தில் வெள்ளம் புகாமல் இருக்க வழி சொல்கிறவரின் கோரிக்கை சுயநலமாம். சொல்லகராதியை யாரோ தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்கள்.

3. “ஏரிக்குப் பதில் ஏரி வெட்டித் தருவோம்.”

கேட்க இனிமையான வாக்குறுதி. ஏரி என்பது பள்ளம் என்று நினைக்கிறவர்கள் மட்டுமே கொடுக்கக்கூடியது. ஏரி ஓர் இடம். மேட்டிலிருந்து வரும் நீர் தானாக வந்து சேர்கிற இடம். மூன்று பக்கம் தரையின் சரிவு, ஒரு பக்கம் மனிதன் போட்ட கரை, அவ்வளவுதான் தமிழ்நாட்டு ஏரி. பொக்லைன் வைத்து எங்கு வேண்டுமானாலும் ஆழமாகத் தோண்டலாம். வரத்து இல்லாத இடத்தில் தோண்டியது குழி. மழை பெய்தால் குட்டை. கால்வாயைத் திருப்பிவிடலாம் என்கிறார்கள். நவி மும்பை விமான நிலையத்துக்காக உல்வே ஆற்றைத் திருப்பி, குன்றை வெட்டிச் சமன் செய்தார்கள். நிலத்தை உயர்த்தியபின் பக்கத்திலுள்ள டுங்கி கிராமத்துக்காரர்கள் மழைக்காலம்தோறும் வெள்ளத்தில் நின்று, எங்களையும் எடுத்துக்கொண்டு வேறிடம் கொடுங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. முதல் வரைபடத்தில் அந்த ஊர் பாதிக்கப்படும் ஊரே இல்லை.

நீரியல் பிரச்சினையே கிடையாது என்று அரசும் சொல்லவில்லை. அதை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவையே போட்டது. நல்ல காரியம். ஆனால் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே நீர் எப்படிப் போகிறது என்று பிறகு ஆராய்வதை எந்த ஊரில் திட்டமிடல் என்பார்கள்? பெண் பார்த்து, பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்துவிட்டு ஜாதகம் கேட்கிற கதை. அந்த அறிக்கையையும் மக்கள் கேட்டும் நெடுநாள் வெளியிடவில்லை. சாதகமான அறிக்கை என்றால் சுவரொட்டி அடித்து ஒட்டியிருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவரைக் காலிசெய்ய அதிகாரிகள் இந்தச் சட்டத்தைக் காட்டுவார்கள். நீர்நிலை புனிதமானது என்று நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பச் சொல்லும். 2023 ஏப்ரல் 21 அன்று இன்னொரு சட்டம் பேரவையில் நிறைவேறியது: தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், அதற்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும் மொத்தமாக ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம். கூட்டத்தொடரின் கடைசி நாள், விவாதமே இல்லை. அன்றைக்கே பன்னிரண்டு மணி நேர வேலைக்கான மசோதாவும் நிறைவேறியதால் ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசி, அதைத் திரும்பப் பெறவும் வைத்தோம். பக்கத்தில் போன இதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் வருகிற நீதி இது: ஏரியில் ஒரு சென்ட் எடுத்தால் ஆக்கிரமிப்பு, 250 ஏக்கருக்குமேல் எடுத்தால் சிறப்புத் திட்டம்.

4. மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறதாம்.

வழிகிற பாத்திரத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் 2018-19இல் வந்துபோனவர்கள் ஏறத்தாழ 2.25 கோடிப் பேர். கோவிட் வந்து போய், புது முனையம் திறந்தபின் 2023-24இல் 2.12 கோடி. ஐந்து வருஷத்தில் வளரவில்லை. பழைய உயரத்தைக்கூடத் தொடவில்லை. 2023இல் திறந்த முனையத்தோடு நிலையத்தின் கொள்ளளவு 3 கோடி என்று சொன்னவர்கள் அரசாங்கத்தார்தான்.

“இடம் இல்லாததால்தான் வளரவில்லை” என்பார்கள். இதுதான் அவர்களுடைய ஆகக் கெட்டியான வாதம், கவனமாகவே பார்ப்போம். லண்டன் கேட்விக் நிலையத்துக்கு மீனம்பாக்கத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய நிலம், ஒரு நேரத்தில் ஓர் ஓடுபாதையைத்தான் இயக்குகிறார்கள், 2019இல் 4.6 கோடிப் பயணிகள். மும்பைக்கு 1,850 ஏக்கர், நம்முடையதைப் போலவே ஒன்றையொன்று வெட்டிப்போகும் இரண்டு ஓடுபாதைகள், இரண்டையும் ஒன்றாக இயக்க முடியாது, 2023-24இல் 5.28 கோடிப் பேர். மும்பை மூச்சு முட்டித்தான் ஓடியது, அது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2 கோடிக்கும் 5 கோடிக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருக்கிறது. விமானம் நிறுத்துமிடம், ஓடுபாதையிலிருந்து சீக்கிரம் விலகிச் செல்லும் இணைப்புப் பாதைகள், முனையங்கள் என்று அலுப்பூட்டுகிற, அடிக்கல் விழா நடத்த முடியாத வேலைகளில் கிடைக்கக்கூடிய தூரம் அது.

அந்த 10 கோடி எங்கிருந்து வந்தது? உலகிலேயே பரபரப்பான நிலையம் என்று சொல்லப்படும் அட்லாண்டாவில் 2024இல் போனவர்கள் 10.8 கோடி. டெல்லியில் 2023-24இல் 7.4 கோடி. பரந்தூரைக் கட்டி முடித்தால் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம் என்கிறார்கள். சரி, ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் 3 கோடிப் பயணிகளுக்கான நிலையம் என்று அதே அரசு அறிவித்தது. திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தாகிவிட்டது. கோவையிலும் மதுரையிலும் விரிவாக்கம். இத்தனையும் நடந்தால் சென்னை வழியாகச் சுற்றிப் போக வேண்டிய அவசியம் மற்ற ஊர்க்காரர்களுக்குக் குறையும். எல்லா ஊருக்கும் பயணிகளைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, சென்னைக்கு மட்டும் முழுக் கூட்டத்தையும் மறுபடி எழுதுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு ரேஷன் அட்டையில் இருந்தால் பெயரை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டாமா?

திட்டம் கட்டம் கட்டமாகத்தான் வரும், முதலில் 2 கோடிப் பேருக்கு மட்டும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் நிலத்தையும் கட்டம் கட்டமாக எடுக்கலாமே? கட்டடம் மெதுவாக, கையகப்படுத்தல் மட்டும் ஒரே மூச்சில். 2,866 ஏக்கரில் 9 கோடிப் பேர் என்று நவி மும்பைக்குக் கணக்குப் போட்ட நாட்டில், 10 கோடிக்கு ஏன் அதைப்போல இரண்டு மடங்கு நிலம் என்பதையும் யாராவது விளக்கலாம்.

2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னைக்கு வந்து புது முனையத்தைத் திறந்துவைத்தார். அதே நாளில் சென்ட்ரலில் கோவை வந்தே பாரத்துக்குப் பச்சைக்கொடியும் காட்டினார். ஆறு மணி நேரத்துக்குள் கோவை. பரந்தூரில் இறங்கித் தாம்பரத்துக்கோ திருவான்மியூருக்கோ வந்து சேர ஆகிற நேரத்தையும் சேர்த்தால், கோவைக்குப் பறப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. நகரிலிருந்து பரந்தூருக்கு ஆட்களைக் கொண்டுபோக பூந்தமல்லியிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் மெட்ரோ போட வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் செலவை விமான நிலையக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

5. “பெங்களூரைப் பாருங்கள்.”

பார்த்தேன். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புதியதைத் திறந்ததும் பழைய நிலையத்தைப் பயணிகள் விமானங்களுக்கு மூடினார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே இடத்துக்கு இடம் மாறியது. சென்னையில் மீனம்பாக்கமும் ஓடும், பரந்தூரும் ஓடும் என்கிறார்கள். இது வேறு சோதனை. அந்த விடையை இங்கே ஒட்டவைக்க முடியாது. தவிர, பெங்களூரு வளர்ந்தது விமான நிலையத்தாலா, மென்பொருள் தொழிலால் விமான நிலையம் வளர்ந்ததா? பரந்தூருக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்களும் கைபேசிகளும் செய்யும் தொழிற்சாலைகள் வந்தது அங்கே விமான நிலையம் இருந்ததாலில்லை. நிலம், துறைமுகம், சாலை, படித்த பிள்ளைகள். வந்தவர்கள் எவரும் ஏரியைத் தூர்த்தால்தான் வருவோம் என்று சொல்லவில்லை.

6. “பணம்தான் கொடுக்கிறோமே!”

எந்தச் சட்டத்தில் கொடுக்கிறீர்கள்? இதைக் கேட்டதும் பேச்சு மாறிவிடுகிறது. நாட்டுக்கே பொதுவான 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சில தொந்தரவான நிபந்தனைகளை வைத்தது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்து மக்கள் முன் வைக்க வேண்டும். தனியாரோடு சேர்ந்த திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். பலபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லை என்றால் மட்டும் தொடலாம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்வழி போனால் இழப்பீட்டு விகிதம் 2013 சட்டத்தைப் போலவே வரும். மதிப்பீடு, சம்மதம், பாசன நிலத்துக்கான காவல் எதுவும் வராது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. மாநிலம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆக, சட்டப்படி சரி. பரந்தூரில் நிலம் எடுப்பது இந்த வழியில்தான்.

அதாவது விலை பேசுவார்கள், விற்கிறாயா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். 2025இல் முதல் பத்திரங்கள் பதிவானதும் “பாருங்கள், மக்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள்” என்று செய்தி வந்தது. எப்படியும் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்த பின் நல்ல விலைக்குக் கொடுப்பவரைச் சம்மதித்தவர் என்று சொல்வது, கழுத்தில் கத்தி இருக்கும்போது பர்ஸை நீட்டியவரை நன்கொடையாளர் என்று சொல்வது மாதிரி. எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கொடுத்திருப்பேன்.

இன்னொன்று. பணம் ஏக்கருக்கு. ஏக்கர் இல்லாதவர்கள் நிலைமை? நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள், குத்தகைக்கு உழுகிறவர், ஏரி உள்வாயில் மாடு மேய்க்கிறவர். காலனியில் இருக்கும் இவர்கள் பேரில் பட்டா இல்லை. வீட்டுக்கு மாற்று வீடு கிடைக்கலாம். கூலிக்கு மாற்றுக் கூலி எங்கே? விமான நிலையத்தில் வேலை தருவோம் என்பார்கள். ஐம்பது வயதில் நாற்று நட்ட கையை எந்தக் கவுன்ட்டரில் உட்கார வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா.

7. தூண்டிவிடுகிறார்கள் என்ற பேச்சுக்கு இரண்டு வரி போதும்.

2022 ஜூலை இறுதியில் தொடங்கிய போராட்டம். பகலில் கழனி வேலை, இரவில் உட்கார்ந்து கோஷம். ஆயிரம் நாளைத் தாண்டியது. கிராமசபையில் தீர்மானத்துக்குமேல் தீர்மானம். 2024 ஏப்ரலில் ஏகனாபுரம் மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தது. ஆயிரம் ராத்திரிக்கு ஆளைக் கூட்டித் தூண்டிவிடத் தெரிந்த கட்சி ஒன்று தமிழ்நாட்டில் இருந்தால் அது இந்நேரம் ஆட்சியில் இருந்திருக்கும். எதிர்க்கட்சியாக இருந்தபோது சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு எதிராக விவசாயிகளோடு நின்றவர்களே ஆட்சிக்கு வந்தபின் விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், தூண்டுதல் என்ற சொல் யாருடைய நாக்கிலிருந்து எப்போது வருகிறது என்பது புரியும். நாற்காலிதான் தூண்டுகிறது.

8. “இவ்வளவு தூரம் வந்தபின் நிறுத்த முடியாது.”

2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்துவிட்டது, பணமும் போய்க்கொண்டிருக்கிறது, இனிப் பின்வாங்கினால் நஷ்டம் என்பது கடைசியாக வரும் வாதம். கனடாவில் மொன்ட்ரியால் நகருக்காக மிராபெல் என்று ஒரு நிலையம் கட்டினார்கள். அதற்காக 1969இல் எடுத்த நிலம் ஏறத்தாழ 97,000 ஏக்கர், பெரும்பாலும் விளைநிலம். ஊரைவிட்டுத் தள்ளி, பழைய நிலையமும் ஓடிக்கொண்டிருக்க, வருங்காலத்துக்கென்று பிரம்மாண்டமான கணக்கு. 1975இல் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2004இல் பயணிகள் விமானம் நின்றது. 2014இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை அரசே திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இலங்கையில் 2013இல் திறந்த மத்தளையையும் நாம் பார்த்தோம். யானைக் காட்டை அழித்துக் கட்டி, உலகிலேயே காலியான விமான நிலையம் என்று பேர் வாங்கியது. இவர்களும் வளர்ச்சி வேண்டும் என்றுதான் கட்டினார்கள். அங்கேயும் தொலைநோக்கு என்று சொன்னார்கள்.

மிராபெலில் திரும்பக் கொடுத்தது வயல். ஏர் ஓட்டினால் மறுபடி விளையும். கரை உடைத்து மேடாக்கிய ஏரியை யார் எப்படித் திரும்பக் கொடுப்பது? இப்போது நிறுத்தினால் நஷ்டம் என்கிறார்களே, இப்போது ஆகிற நஷ்டம் சில ஆலோசனைக் கட்டணமும் பத்திரச் செலவும். வாங்கிய நிலம் எங்கும் போய்விடவில்லை. முதல் லாரி மண் ஏரிக்குள் கொட்டப்படும்வரை எல்லாமே திருத்தக்கூடிய கணக்குதான்.

எனவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வளர்ச்சியா விவசாயமா என்று பட்டிமன்றம் வேண்டாம். மச்சேந்திரநாதன் குழு என்ன சொன்னது என்பதை ஓர் எழுத்து விடாமல் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராமசபையிலும் படிக்கட்டும். 10 கோடிப் பயணி என்ற கணக்கை ஓசூரையும் திருச்சியையும் கழித்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டட்டும். மீனம்பாக்கத்தில் இன்னும் எவ்வளவு முடியும், ஏன் முடியாது என்பதைத் திட்டத்தில் பங்கில்லாத பொறியாளர்களை வைத்துச் சொல்லட்டும். அப்புறம் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஏகனாபுரத்து ஏரிக்கரைக்கு வாருங்கள். கம்பன் கால்வாயின் ஏழு கிலோமீட்டரை எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்கள் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். மேடு எது, பள்ளம் எது என்று அங்கே மாடு ஓட்டிக்கொண்டு போகிற பையனுக்கும் தெரியும்.